வம்மிய வெட்டிப்போட்டு பாம் மரம் நடப்போற எங்கட பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர் ஐயாவுக்கும் உறுப்பினர்மார் எல்லாருக்கும்,

போன செவ்வாய்க்கிழம விடிய ஏழு மணி போல சந்தி பஸ் ஹோல்ட்டடியில நிண்ட மூண்டு வம்மி மரத்த உங்கட ஆக்கள் மிசின் வாளோட வந்து வெட்டிப்போட்டாங்க. மிச்சம் நாலு மரத்துக்கும் சிவப்பு பெயின்ட்டால நம்பர் போட்டிரிக்கு. எப்ப வெட்டுவீங்க எண்டு தெரியா, அதான் இவ்வளவு அவசரமா இத எழுதுறன். நான் அந்த சந்தியில ஓட்டோ ஓடுறவன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்துப் படுவான்கரைக்காரன், இந்த மரத்துக்குக் கீழதான் பன்னிரண்டு வருசமா ஸ்டாண்ட். எழுதிப் பழக்கம் இல்ல, பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க, ஆனா விசயம் பிழையில்ல.

வெட்டின அண்டைக்கு நான் அவடத்த நிண்டன். முதல் மரம் விழக்குள்ள அதில கூடு கட்டியிருந்த முசுறு எறும்பெல்லாம் வாள் பிடிச்ச பொடியன்ட கழுத்தில கொட்டிண்டு, அவன் வாளப் போட்டுட்டு ஓடி வாய்க்கால்ல குதிச்சான், நாங்களும் சிரிச்சம்தான், பொய் சொல்லல. மறுகா மரம் முழுசா விழுந்த உடன ஒருத்தருக்கும் சிரிப்பு வரல. வம்மி வெட்டினா உள்ளுக்கு மஞ்சளா இரிக்கும் ஐயா, நல்ல மஞ்சள் அரைச்சு வெச்ச மாதிரி. அந்தத் தூள் ரோட்டு முழுக்க சிந்தி, பஸ்ஸில வந்து இறங்கின ஆக்கள் என்ன இஞ்ச ஏதும் சடங்கு நடந்ததா எண்டு கேட்டாங்க. பின்னேரம் லொறி வந்து மரக்குத்தியெல்லாம் ஏத்திண்டு போயிட்டு. எங்க போன, ஆருக்குப் போன, ஏலம் போட்டதா, ஒண்டும் தெரியா. ரெண்டு நாள் கழிச்சு மண் கிண்டுற பெக்கோ மிசின் வந்து அடிவேரையும் கிளறி எடுத்து, இப்ப இன்டர்லொக் கல்லுப் பதிச்சிரிக்கு.

அந்தக் கல்லுக்கு மேல ஒரு மத்தியானம் வந்து நிண்டு பாருங்க. ஏசி வாகனத்தில இல்ல, நடந்து வந்து. கச்சான் காத்து அடிக்கிற காலம் இது, எங்கட காத்தே அடுப்புக்குள்ள இருந்து வாற மாதிரி, அதில கீழ கல்லுச் சூடு வேற. செவ்வாயும் வியாழனும் கிளினிக் நாள், வயித்துப் புள்ளையோட இருக்கிற பொம்புளைகள் கார்டும் பேக்கும் வெச்சுக்கொண்டு பஸ்ஸுக்கு நிக்கிற இடம் அது. ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ். முந்தி மரத்து வேரில குந்தி இருப்பாங்க, கதைப்பாங்க, கச்சான்கொட்டை வாங்கித் தின்பாங்க. போன கிழமை ஒரு புள்ள என்ட ஓட்டோவில ஏறி சீட்டில இருந்த உடன துள்ளி எழும்பிட்டு, ரெக்சீன் அவ்வளவு சூடு. நான் துவாயத் தண்ணியில நனைச்சு விரிச்சுக் குடுத்தன். ஒரு ஆளுக்கு செய்யலாம், சந்திக்கு வாற எல்லாருக்கும் நான் துவாய் விரிக்க ஏலுமா?

வெட்டின பிறகு ஒப்பீசுக்கு வந்து கேட்டனான். ரெண்டு தரம் வந்தனான். மரியாதையாத்தான் கதைச்சாங்க, அதில குறை இல்ல. அழகுபடுத்தல் திட்டமாம், சந்தியில இருந்து குளத்தடி வரைக்கும் ரெண்டு பக்கமும் ரோயல் பாம் நடப்போறீங்களாம், கொழும்பு ரவுன்டபோட்டில இரிக்கிற மாதிரி. வம்மிக்கு நாலு குற்றம் சொன்னாங்க. இலை கொட்டுது. பழம் விழுந்து வழுக்குது. வவ்வால் வருது, வருத்தம் வரும். கடைசியா ஒருத்தர் சொன்னதுதான் நெஞ்சில நிண்டுட்டு, "அது சும்மா காட்டு மரம் தம்பி, ஒரு பெறுமதியும் இல்ல."

எங்கட பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிட்டு. வீட்ட போய் இந்த பாம் மரக் கதையச் சொன்னன். மனே, அது நொங்கு காய்க்குமா எண்டு கேட்டா. இல்ல எண்டன். கிழங்கு போடலாமா? இல்ல. ஓலையால வேயலாமா? அதும் இல்ல பெரியம்மா. குருத்தாவது பின்னலாமா? இல்ல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பொறகு அத ஆரு வளக்கிற, அரசாங்கமா?" எண்டு கேட்டா. நான் சிரிச்சிட்டு வந்துட்டன், ஆனா கேள்வி நியாயமான கேள்விதானே. ரோயல் பாம் கியூபாப் பக்கத்து மரம். அதின்ட ஊரில அதுக்கு வாற குருவி இரிக்கும், அந்தாக்களுக்கு அது பிரயோசனமா இரிக்கும், நான் மரத்தப் பழிக்கல. இஞ்ச அதுக்குக் கீழ நிண்டா மின்கம்பத்துக்குக் கீழ நிண்ட மாதிரித்தான், நிழலோட சேர்ந்து நாமளும் ஒவ்வொரு பத்து நிமிசத்துக்கும் தள்ளித் தள்ளி நிக்க வேணும்.

காட்டு மரம் எண்ட கதைக்கு வாறன். வாகரைப் பக்கம் போனா வம்மிவட்டவான் எண்டு ஒரு ஊரே இரிக்கு. மருதமுனை எண்டா மருது. நாவற்குடா, புளியந்தீவு, தாழங்குடா, கொக்கட்டிச்சோலை, அங்கால அம்பாறைப் பக்கம் ஆலையடிவேம்பு, அதில ஒரு மரம் காணா எண்டு ரெண்டு மரத்தச் சேத்துப் பேர் வெச்சிரிக்காங்க. பெறுமதி இல்லாத சாமானின்ட பேர ஆரும் தன்ட ஊருக்கு வெப்பானா? பலகைக்கு எண்டு பார்த்தா முதிரையும் பாலையும் வேற, ஒத்துக்கொள்றன், வம்மி மெல்லிசான மரம்தான். ஆனா முதிரை வளந்து நிழல் தாறதப் பார்க்க எனக்கு இன்னொரு ஆயுள் வேணும். வம்மி அப்பிடி இல்ல, அது ஆத்தங்கரை, குளத்தங்கரை மரம், வெள்ளம் வாரிண்டு போன வெறும் மண்ணில முதல் ஆளா முளைச்சு சுறுக்கா மேல போற சாதி. கோப்பி இரிக்கே, அந்தக் குடும்பம்தான் இதுவும். கடம்பும் இதின்ட சொந்தக்காரன், பூவப் பார்த்தா ரெண்டும் பந்து மாதிரி, அதால சில பேர் ரெண்டையும் ஒண்டெண்டு நினைக்கிற, ரெண்டும் வேற மரம். எங்கட தீவில இருந்து தென்கிழக்காசியா, நியூகினி, அவுஸ்திரேலியாவின்ட வடக்கு வரைக்கும் தானா வளருது. ஆரும் கப்பல்ல கொண்டு வந்து நட்டதில்ல, நமக்கு முதல் வந்தது அது.

நீங்க வெட்டின மூண்டில நடுவில நிண்டது எங்கட அப்பப்பா ஆக்கள் நட்டது. 78 சூறாவளி, நவம்பர் 23 ராத்திரி, உங்களில வயசானாக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தென்னையெல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கிடந்ததாம், வானம் வெறிச்சுப் போய், கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு நிழல் இல்லையாம். அதுக்கு அடுத்த மாரியில சந்தியில மரம் வேணும் எண்டு போய் வாய்க்கால் கரையில முளைச்சு நிண்ட கண்டுகளப் பிடுங்கிக் கொண்டு வந்து நட்டாங்க. ஆரும் பேனர் கட்டல, போட்டோ எடுக்கல, ஆட்டுக்குப் பயந்து முள்ளுக் கட்டி, பக்கத்து தேத்தண்ணிக் கடைக்காரர் கோப்பை கழுவின தண்ணிய ஊத்தி வளத்தாராம். அந்த மரம் பிரச்சின காலத்தில செல்லுத் துண்டு பட்டும் நிண்டது, வெள்ளத்துக்கும் நிண்டது. உங்கட வாளுக்கு இருவது நிமிசம் போதும்.

வெள்ளத்தப் பத்திக் கதைக்கவேணும், ஏனெண்டா எனக்கு வம்மியில விசர் பிடிச்சதே வெள்ளத்தாலதான். 2011 தை மாசம் வந்த வெள்ளம் நினைவிரிக்கும். எங்கட வளவுக்குள்ள இடுப்பளவு தண்ணி, ஒரு கிழமைக்கு மேல நிண்டது. தண்ணி வத்தின உடன பப்பாசி எல்லாம் அழுகி விழுந்துட்டு, முருங்கை செத்துட்டு, நல்ல காய்க்கிற எலுமிச்சை ரெண்டு மாசத்தில இலை உதிர்ந்து பட்டுப்போச்சு. வளவு வெறுமை. அதே நேரம் பின்னால வாய்க்கால் கரையில நிண்ட வம்மி ஒண்டும் நடக்காத மாதிரி நிக்குது. போய்ப் பார்த்தா அடிமரத்தில, தண்ணி நிண்ட மட்டத்தில, தாடி மாதிரி வேர் தொங்குது. தண்ணிக்குள்ள கிடக்கிற வேருக்கு மூச்சு முட்டும் எண்டு அது மேல புது வேர விட்டிரிக்கு, அப்பிடித்தான் அது பிழைக்கிற. மனிசன் வெள்ளத்துக்கு பள்ளிக்கூடத்து மேல்மாடிக்கு ஏறின மாதிரி எண்டு வெச்சுக்கொள்ளுங்களன்.

அந்த வருசம் கார்த்திகையில ஒரு கண்ட வளவு மூலையில நட்டன். பின்னுக்கு சாய்ப்புத் தண்ணி போற இடம். மூண்டு வருசத்தில வீட்டு ஓட்டுக்கு மேல போயிட்டு. மூத்த மகள் பள்ளிக்கூடம் சேரக்குள்ள அவட உயரம் இருந்தது, அவ அஞ்சாம் ஆண்டு சொலர்சிப் எழுதக்குள்ள நாங்க அதுக்குக் கீழ கதிரை போட்டு இருந்தம். இப்ப என்ட ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சா விரல் முட்டாது. 2024 கார்த்திகைக் கடைசியில திரும்ப வெள்ளம் வந்து நாலு நாள் நிண்டது, திரும்பவும் அந்தத் தாடி வேர், போட்டோ எடுத்து வெச்சிரிக்கன், ஆருக்கும் காட்டலாம்.

ஓட்டோ வாடகைக் கணக்கு எழுதுற கொப்பியின்ட கடைசிப் பக்கத்தில நான் ஒரு கணக்கு வெச்சிரிக்கன், மனிசி பார்த்துப் பார்த்துச் சிரிப்பா. மரத்துக்கு வந்த ஆக்கள். பூக்கிற காலத்தில, வெயில் நேரத்தில, மஞ்சள் பந்து பந்தா பூக்கும், ஒவ்வொரு பந்திலயும் வெள்ளையா குண்டூசி குத்தின மாதிரி நீட்டிண்டு நிக்கும், கிட்டப் போனா நல்ல வாசம். விடிய ஆறு மணிக்கு தேனீ இரைச்சல் வீட்டுக்குள்ள கேக்கும். வண்ணாத்திப்பூச்சிக்கு நான் பேர் அறியா, ஆனா அஞ்சாறு சாதி வந்திரிக்கு. பழம் கனிஞ்சா கொண்டைக்குருவி, குட்டுறுவான், கிளி, அணில். ரெண்டு தரம் குரங்குக் கூட்டம் வந்து நாசம் பண்ணிப்போட்டுப் போச்சு, அதையும் எழுதி வெச்சிரிக்கன், மறைக்கல. செம்பகம் ஒண்டு ஒவ்வொரு நாளும் அடியில நடந்து பூச்சி பொறுக்கும். ராவைக்கு வவ்வால்.

வவ்வால் எண்டாத்தான் உங்களுக்குப் பயம். 2018ல கேரளாவில நிபா வைரஸ் வந்த செய்தி பார்த்ததில இருந்து எங்கட ஊரிலயும் இந்தப் பயம் இரிக்கு, அது பிழையான பயம் எண்டு நான் சொல்ல வரல, பழந்தின்னி வவ்வால் அந்தக் கிருமியக் காவக்கூடிய பிராணிதான். அதுக்கு சுகாதாரப் பகுதி சொல்ற பரிகாரம் கடிச்ச பழத்தத் தின்னாத, பழத்தக் கழுவித் தோலுரிச்சுத் தின்னு எண்டுதான். மரத்த வெட்டு எண்டு ஆரும் சொல்லல. யோசிச்சுப் பாருங்க, சந்தியில இரிக்கிற வம்மிப் பழத்தில மனிசன் வாயே வெக்கிறதில்ல, கைச்சல், அது வவ்வாலுக்கு எண்டே விட்ட சாப்பாடு. அத வெட்டிப்போட்டா வவ்வால் விரதம் பிடிக்குமா? எங்கட வளவு கொய்யாவுக்கும் மாவுக்கும் வரும், நம்மட புள்ளைகள் பொறுக்கித் தின்னுற பழத்துக்கு. தூர நிண்டத நீங்கதான் கூப்பிட்டு வீட்டுக்குள்ள விடுறீங்க. இன்னொண்டு, எங்கட கோயிலடி இலுப்பைகளுக்குப் பூக்காலத்தில ராவில வந்து மகரந்தம் காவுறதும் இந்த வவ்வால்தான். வவ்வால் போனா இலுப்பையும் மெல்ல மெல்லப் போகும்.

பழம் வழுக்குது எண்டது உண்மை. போன வருசம் பாட்டா செருப்போட வந்த ஒரு அம்மா வழுக்கி விழுந்தா, நாங்கதான் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், கையில வெடிப்பு. அது எனக்கும் கவலைதான். ஆனா பழம் விழுறது வருசத்தில கொஞ்சக் காலம். அந்தக் காலத்தில காலமையும் பின்னேரமும் ஒரு கூட்டுமாறு போட்டாச் சரி. உங்கட சுத்திகரிப்பு ஆக்கள் சந்தையடிக்கு ஒவ்வொரு நாளும் வாறாங்கதானே. ஏலாது எண்டா சொல்லுங்க, நாங்க ஸ்டாண்டில எட்டுப் பேர் முறை போட்டுக் கூட்டுவம், எழுதித் தாறம். இலையும் அப்பிடித்தான், வம்மி இலை கையகலத்த விடப் பெரிசு, கூட்டுறது லேசு, அதக் கொண்டு போய்ப் பசளைக்கு போட்டா உங்களுக்கே காசு. இலை கொட்டாத மரம் பிளாஸ்டிக் மரம்தான் ஐயா.

கரண்ட் கம்பிப் பிரச்சினைய நானே சொல்லுறன், நீங்க சொல்லாட்டியும். வம்மி கம்பிக்குக் கீழ நடுற மரம் இல்ல. கெதியா வளர்ற மரத்துக்கு அந்தக் குறை இரிக்கும். கொப்பும் வைரம் பாய்ஞ்ச கொப்பு இல்ல, வாடைக் காத்துக்கு முறியும். அதால கம்பி போற பக்கம் பூவரசோ புங்கோ வெச்சு அளவா வெட்டி விடலாம், கம்பி இல்லாத பக்கமும் வாய்க்கால் கரையும்தான் வம்மிக்கு. குளக்கட்டுக்கு மேல ஒண்டும் நடக்கூடாது, வேர் கட்ட ஓட்டை ஆக்கிப்போடும், கட்டுக்குக் கீழ் பள்ளத்தில, கழிவு நீர் போற இடத்தில தள்ளி நடலாம், அவடத்த மருதும் நல்லம். இதெல்லாம் எங்கட ஊரில ஒரு வயலுக்காரரக் கேட்டாச் சொல்லுவார். திட்டம் போடக்குள்ள ஒருத்தரையும் கேக்கல எண்டதுதான் எங்கட மனக்குறை. யானை வரும் எண்டும் ஒரு உறுப்பினர் சொன்னாராம். யானை வாறது நெல்லுக்கு, பஸ் ஏற இல்ல.

மரநடுகை எண்டா நீங்க செய்யல எண்டு நான் சொல்ல மாட்டன். ஒவ்வொரு வருசமும் செய்யிறீங்க, ஜூன் 5, சுற்றாடல் தினம். போன வருசமும் பள்ளிக்கூடத்து ரோட்டில அறுவது கண்டு நட்டீங்க, ஒலிபெருக்கி, குளிர்பானம், எல்லாம் நல்லா நடந்தது. இப்ப போய் எண்ணினன், மூண்டு நிக்குது, அதில ஒண்டு ஆரோ ஆடு கட்டுற தடி. ஏன் செத்தது? ஜூனில கொழும்புப் பக்கம் மழை பெய்யும், அந்தாக்களுக்கு அது நடுகைக் காலம். நமக்கு ஜூன் எண்டா கச்சான், குளமே வத்துற காலம். நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில இருந்து தை வரைக்கும். நெல்லு விதைக்கிற மனிசனுக்கு இது தெரியும், ஆனா கடிதம் கொழும்பில இருந்து வந்தா நாம அந்தத் திகதிக்கே நட்டுப்போட்டு அடுத்த நாள் மறந்துபோறம். கண்டுகளும் பாவம்தானே.

கண்டுக்குக் காசில்ல எண்டு சொல்லுவீங்க எண்டுதான் நான் போன வருசமே தொடங்கிட்டன். என்ட வீட்டுப் பின்பக்கம் இப்ப 45 வம்மிக் கண்டு நிக்குது. இது லேசா வந்ததில்ல. முதல் தரம் பழத்தப் பிச்சு விதைய எடுத்தன், எடுத்தா அது விதை மாதிரியே இல்ல, மூக்குப்பொடி மாதிரி இரிக்கு. பாத்தி கட்டி அரை அங்குலம் மண் மூடித் தண்ணி ஊத்தினன். ஒரு மாசம் பார்த்தன், ஒண்டும் இல்ல. பெரியம்மா வந்து பார்த்துட்டு, "ஆத்தங்கரையில ஆருடா மண் மூடினது?" எண்டு கேட்டா. அதோட விளங்கிட்டு, அதுக்கு வெளிச்சம் வேணும்.

ரெண்டாம் தரம் நல்லாக் கனிஞ்சு விழுந்த பழத்த வாளித் தண்ணியில ரெண்டு மூண்டு நாள் ஊற விட்டன், நாத்தம் தாங்கேலா, மனிசி வாளியோட என்னையும் வெளிய போகச் சொன்னா. மறுகா கையால பிசைஞ்சு தேத்தண்ணி வடியால வடிச்சு, பேப்பரில நிழல்ல காய விட்டு, குறுமணலோட கலந்து, தயிர்ச்சட்டியில மண்ண நிரப்பி மேலால தூவி விட்டன், மூடல. ஆனா மேல இருந்து தண்ணி தெளிச்ச உடன எல்லாம் ஒரு மூலையில போய்ச் சேர்ந்துட்டு, முளைச்சதும் அழுகிட்டு. மூண்டாம் தரம்தான் சரி வந்தது. சட்டியில அடியில ஓட்டை போட்டு, தண்ணி உள்ள பேசினுக்குள்ள சட்டிய வெச்சிட்டன், மண்சட்டிதானே, கீழ இருந்து தானா உறிஞ்சி மேல் மண் ஈரமாவே இருந்தது. மேல ஒரு பழைய கண்ணாடித் துண்டு. மூண்டு கிழமையில பச்சைப் புள்ளி புள்ளியா, பாசி பிடிச்சிட்டு எண்டு நினைச்சு நான் சுரண்டி எறியப் போனன், சின்ன மகள்தான் அப்பா இதுக்கு ரெண்டு இலை இரிக்கு எண்டு பிடிச்சா. அந்தப் புள்ளிகள்தான் இப்ப முழங்கால் உயரம், வெட்டின தண்ணிப் போத்தலிலயும் பசளை பேக்கிலயும் நிக்குது. எங்கட பக்கத்துத் தயிர்ச்சட்டிக்கு இப்பிடி ஒரு வேல இரிக்கும் எண்டு எனக்கே தெரியா.

சட்டக் கதையும் ஒண்டு. பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்டுறதெண்டா 1951ம் ஆண்டு 9ம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தால அனுமதி எடுக்கோணும், என்ட வளவில நிண்டாலும் எடுக்கோணும். அந்தக் காலத்தில சோத்துக்கு உதவுற மரம் எண்டு காப்பாத்தினாங்க, நல்லது. சந்தி வம்மிக்கு அப்பிடி ஒரு காவல் இல்ல, அதுக்கு நீங்கதான் காவல், பொது இடத்து மரம் சபையின்ட பொறுப்பில இரிக்கிற சாமான். காவல்காரரே வாளோட வந்தா நாங்க ஆரிட்டப் போய்ச் சொல்ற?

அதால இப்ப நான் கேக்கிறத நேராக் கேக்கிறன். சிவப்பு நம்பர் போட்ட நாலு மரத்தையும் வெட்டுறத இண்டையில இருந்து நிப்பாட்டுங்க. அடுத்த சபைக் கூட்டத்தில எடுத்து முடிவ எழுத்தில தாங்க. ஏதும் கொப்பு ஆபத்து எண்டு நினைச்சா, மரம் பார்த்துத் தெரிஞ்ச ஆள ஒருக்கா அனுப்பி அந்தக் கொப்ப மட்டும் தறியுங்க, நாங்க கயிறு பிடிக்க வாறம்.

வெட்டின மூண்டு மரத்தின்ட கணக்கச் சொல்லுங்க. எந்தத் தீர்மானத்தால வெட்டின, குத்தி எங்க போன, எவ்வளவுக்குப் போன, பாம் கண்டு ஒண்டு என்ன விலை, ஆரிட்ட வாங்குறீங்க. வாயால கேட்டன், பதில் வரல. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பமும் எழுதி உங்கட தகவல் அலுவலரிட்ட குடுத்திட்டன், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும், நான் நாள எண்ணிண்டு இரிக்கன்.

பாம் மரத்துக்கு ஓடர் இன்னும் குடுக்கல எண்டா குடுக்காதீங்க. குடுத்திட்டீங்க எண்டா சபைக் கட்டடத்துக்கு முன்னால வையுங்க, வடிவா இரிக்கும், ஆரும் அவடத்த பஸ்ஸுக்கு நிக்கிறதில்ல. சந்தியில இருந்து குளத்தடி வரைக்கும் ரோட்டில கம்பி இல்லாத பக்கம் வம்மி, நாவல், மருது, கம்பிப் பக்கம் பூவரசு, புங்கு எண்டு மாத்துங்க. வெட்டின மூண்டு இடத்திலயும் இன்டர்லொக் கல்ல ஒரு பாய் அகலத்துக்குக் கிளப்பி மண்ணக் காட்டுங்க, கல்லுக்குக் கீழ வேருக்குத் தண்ணி போகாது.

ஜூன் 5ல நடுறத விட்டுட்டு வாற ஐப்பசிக் கடைசியில, முதல் பெருமழை விழுந்த பிறகு நடுவம். அண்டைக்கு உங்கட உழவு மிசினும் பெட்டியும் ஒரு நாளைக்குத் தாங்க, கண்டு ஏத்திக்கொண்டு போக. 45 கண்டும் சும்மா தாறன், ஒரு சதம் வேணாம். ஆடு மாட்டுக்குக் கூடு கட்ட கம்பும் பழைய மீன் வலையும் ஸ்டாண்ட் பொடியன்மார் பார்த்துக்கொள்ளுவாங்க. அடுத்து வாற ரெண்டு கச்சானுக்கும் கிழமைக்கு ரெண்டு தரம் உங்கட தண்ணி பவுசர் அந்த ரோட்டால வரவேணும், இது மட்டும் எங்களால ஏலாது, அத நீங்க பொறுப்பெடுக்கவேணும், கூட்டறிக்கையில எழுதி வெக்கவேணும்.

என்னக் காண வேணும் எண்டா அலைய வேணாம். விடிய ஆறு மணியில இருந்து சந்தியிலதான் நிப்பன், அஞ்சாம் நம்பர் மரத்துக்குக் கீழ.

இப்படிக்கு,
சந்தி ஸ்டாண்ட் ஓட்டோக்காரன் ஒருத்தன்